சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

பிப்ரவரி 9

ஊமைக்கோட்டானுக்கு,

உன் போனை எடுக்கக் கூடாது என்ற வைராக்கியம் அப்படியேதான் இருக்கிறது. எடுத்தால் எனக்குத் திட்டத்தான் வரும். நான் திட்டினால் நீ "ம்" கொட்டுவாய். அந்த "ம்" என் எரிச்சலை இன்னும் கிளப்பும். கடிதமென்றால் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடிக்கலாம் பார்.

சுரங்கத்தை மூடியபோது குடைந்த இடத்தை மண்ணால் நிரப்புகிற ஃபில்லிங் பிரிவில் நீ சூப்பர்வைசர், உன் அத்தான் உனக்குக் கீழே மிஷின் ஓட்டுகிறவர். உன்னை வேறு சுரங்கத்துக்கு மாற்றினார்கள், அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். "இவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா உனக்கு? இரண்டு வருஷமாகச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதெல்லாம் போகட்டும். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து நான் பெற்ற பிள்ளையைப் பார்க்கவாவது வந்திருக்கலாம் அல்லவா? பொடிசுக்கு ஆறாம் மாதம். உன் மருமகளுக்கு உன் மூக்கு. வேறெதுவும் உன்னிடமிருந்து வராமல் இருந்தால் சரி. என் பால் போதவில்லை என்று பவுடர் பால்தான் கொடுக்கிறேன்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கொல்லைக் கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாம் பந்து விழுந்தால் இறங்கி எடுத்து வருவோமே, அதே கிணறுதான். சுரங்கத்தில் ராப்பகலாக இறைத்து ஊரையே வறள அடித்தார்கள், பம்பை நிறுத்தியதும் பூமி தன் பாட்டுக்குச் சுரக்கிறது என்று உன் அத்தான் சொல்கிறார். தெருவில் எல்லார் கிணற்றிலும் இதே கதை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருந்தவர்கள் இப்போது குழாயைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

உன் அத்தான் பரணில் கிடந்த இரும்புக் கப்பியை எடுத்து மாட்டினார். துருப்பிடித்து கிரீச் கிரீச் என்று கத்துகிறது. அந்தச் சத்தம் கேட்டால் பொடிசு தொட்டிலில் தலையைத் திருப்பி வாயைத் திறக்கிறாள். தண்ணீர் இறைத்தால் அடுத்தது பால் என்று கண்டுபிடித்துவிட்டாள், கள்ளி. கப்பிக்கு எண்ணெய் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் அக்கா

~

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் கடுமை. குவார்ட்டர்ஸில் மின்விசிறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். எனக்கு இப்போது மூன்று ஷிப்டையும் பார்க்கிற வேலை என்பதால் லீவு கேட்க முடியவில்லை. வராதது தப்புதான்.

அத்தான் விஷயத்தில் நீ சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

கிணற்றுத் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்திருக்கிறது? வாளியின் உள்பக்கம் பழுப்பாகப் படிகிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நம் பக்கத்தில் சோதனைக்காகக் கம்பெனி போட்ட ஆழ்குழாய்களில் தண்ணீர் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவு தலைமை ஆபீஸில் இருக்கிறது. முறைப்படி அறிவிப்பு வரும். அதற்கு முன்னால் நான் எதையும் சொல்வதற்கில்லை. நீயும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

கொஞ்ச நாளைக்குக் கிணற்றுத் தண்ணீர் விஷயத்தில் கவனமாக இரு. குழந்தைக்குக் கொடுக்கும்போது இன்னும் கவனம்.

பொடிசை ஒரு படம் எடுத்து அனுப்பு. அத்தானை இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

தம்பி

~

மார்ச் 8

ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதத்தைப் படித்து உன் அத்தான் சிரித்தார். "இவன் சொல்றதுக்கு முன்னாடி யோசிச்சு, யோசிச்சதுக்கப்புறம் சொல்லாம விட்டுடறான்" என்றார். நீ எழுதியதில் பாதி வெயில், மீதி மின்விசிறி.

தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுக்கிறாயாக்கும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நான் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். எத்தனை குழந்தைகளின் பால்புட்டியைக் கொதிக்கவைத்திருப்பேன். கிணறு ஊறின நாளிலிருந்து கொதிக்கவைக்காத தண்ணீர் ஒரு சொட்டு பொடிசின் வாயில் போனதில்லை. முன்பெல்லாம் ஒரு கொதி வந்தால் இறக்கிவிடுவேன். நீ கவனம் கவனம் என்று எழுதினாயே, ஊமை வாய் திறந்தால் விஷயம் இருக்கும் என்று இப்போது சுண்டச் சுண்டக் காய்ச்சுகிறேன். பெரிய பாத்திரம் நிறைய அடுப்பில் வைத்து, நாலில் ஒரு பங்காக வற்றிய பிறகுதான் இறக்குகிறேன். கேஸ் சிலிண்டர் கரைகிறது. கரையட்டும்.

பாத்திரத்தின் அடியில் வெள்ளையும் பழுப்புமாக ஓடு கட்டுகிறது. நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வருகிறது. இவ்வளவு அழுக்கும் அடியில் தங்கிவிட்டது என்றால் மேலே இருப்பது எவ்வளவு சுத்தம் பார்! தெருவுக்கே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நீ யாரிடமும் சொல்லாதே என்றாய். காய்ச்சிக் குடிக்கச் சொல்வதில் என்ன ரகசியம்? பக்கத்துத் தையற்கடைக்காரி ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்குத் தனியாக என் கையாலேயே காய்ச்சிக் காட்டினேன்.

பொடிசுக்குத்தான் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழுகிறாள், இரண்டு நாளைக்கு ஒருமுறைகூட வெளிக்குப் போவதில்லை. முகம் வெளுத்துக் கிடக்கிறது. பல் முளைக்கிற காலம், எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான் என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொன்னார். கொடுக்கிறேன்.

படம் இதோடு இருக்கிறது. மூக்கைப் பார்.

உன் அக்கா

~

மார்ச் 15

அக்கா,

நம் தெருமுனை மருந்துக்கடைக்காரர் நேற்று உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருப்பார். உன் கடிதத்தைப் படித்ததும் கூப்பிட்டேன், நீ என் போனை எடுக்கவில்லை. அத்தான் வண்டியில் இருந்தார், அவர் போனும் கிடைக்கவில்லை. கடைசியில் மருந்துக்கடை நம்பர்தான் ஞாபகத்துக்கு வந்தது. "அடுப்பை அணைக்கச் சொல்லுங்க, பால் கலக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்று கத்தினேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, நீ என்ன புரிந்துகொண்டாயோ தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். இதை அப்படியே டாக்டரிடம் காட்டு.

அந்தத் தண்ணீரில் ஈயம் இருக்கிறது. கிருமியென்றால் காய்ச்சினால் சாகும். ஈயம் சாகாது, ஆவியாகவும் போகாது. நீ காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் போகிறது. அடியில் ஓடாகக் கொஞ்சம் ஒட்டியிருக்கும், மற்றதெல்லாம் மிஞ்சின தண்ணீரில் செறிந்து நிற்கும். ஒரு பாத்திரத்தில் இருந்த விஷத்தில் பெரும்பகுதி ஒரு புட்டிக்குள் வந்துவிடும்.

அத்தானுக்குத் தெரியும், சுரங்கத்தில் கல்லை எடுத்து, அரைத்து, உலோகத்தைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற சக்கை மண்ணைச் சிமெண்டோடு குழைத்து, குடைந்த இடத்திலேயே திரும்ப நிரப்புவோம். மேலே ஊர் இடிந்து விழாமல் இருக்க அதுதான் வழி. பம்பு ஓடும்வரை அந்த மண் காய்ந்து கிடந்தது. நிறுத்தியதும் நிலத்தடி நீர் ஏறி அந்த அறைகளையெல்லாம் முக்கிவிட்டது. சுடுதண்ணீரில் போட்ட தேயிலைப் பை மாதிரி இப்போது அது ஊறிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாறுதான் கிணற்றில் ஏறுகிறது. கண்ணாடி மாதிரி இருந்தாலும் அது விஷம்தான்.

சோதனை முடிவை நான் ஜனவரியிலேயே பார்த்தேன். அறிவிப்பு வருவதற்கு முன் வெளியே போனால் வேலை இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். பயந்தேன். கவனமாக இரு என்று எழுதினால் குழாய்த் தண்ணீருக்குப் போய்விடுவாய் என்று நினைத்துக்கொண்டேன். நீ காய்ச்சுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை அக்கா.

பொடிசின் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல். பல் முளைப்பதென்று யார் சொன்னாலும் விடாதே. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. இன்றைக்கே போ.

தம்பி

~

ஏப்ரல் 2

தம்பிக்கு,

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். மருந்துக்கடைக்காரர் வந்து சொன்னதும் அடுப்பை அணைத்தேன். உன் கடிதம் வருவதற்குள்ளேயே பொடிசுக்கு வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகி, கை இரண்டும் முறுக்கிக்கொண்டு, என் மடியிலேயே. உன் அத்தான் சரக்கை நடுவழியில் இறக்கிப் போட்டுவிட்டு அதே வண்டியில் எங்களைக் கொண்டுவந்தார். ரத்தத்தைப் பார்த்த டாக்டர், இவ்வளவு ஈயத்தை ஒரு குழந்தை உடம்பில் தான் பார்த்ததே இல்லை என்றார். வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறதா, பழைய பேட்டரி இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் எழுந்து நின்று, தண்ணீர், நான் காய்ச்சிய தண்ணீர் என்றேன். ஈயத்தைப் பிடித்து சிறுநீரில் வெளியேற்றுகிற ஊசி போடுகிறார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் கத்துவாள். இப்போது கத்துவதில்லை.

உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுதக் காகிதம் போதாது. நீ எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். "கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதே." அவ்வளவுதான். வெயிலையும் மின்விசிறியையும் எழுத இடம் இருந்தது உனக்கு.

இன்னொரு பக்கம் என் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கைதான் அடுப்பை மூட்டியது. கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

நடுவில் ஒருநாள் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி, காய்ச்சாதீர்கள், அந்தத் தண்ணீரே வேண்டாம் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. "நீங்கதானே அன்னிக்குக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னீங்க? இன்னிக்கு வேண்டாங்கறீங்க. பாவம், குழந்தை கவலையில மனசு கலங்கியிருக்கு" என்றாள் தையற்கடைக்காரி. அவள் அடுப்பில் அப்போதும் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. கம்பெனி ஆட்கள் வேறு வந்து, தண்ணீரில் கெடுதல் எதுவும் இல்லை, பூமியில் இயற்கையாக இருக்கிற தாதுதான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் மடிப்புக் கலையாத சட்டைக்காரர்கள், நான் தலைகூட வாராமல் நின்றவள். யாரை நம்புவார்கள்?

அக்கா

~

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானிடம் தினமும் பேசுகிறேன். வலிப்பு நின்றிருக்கிறது என்றார்.

நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். சோதனை முடிவின் நகல் என் கையில் இருக்கிறது. பெயர் போடாமல் அதை உனக்கு அனுப்புகிறேன். யார் அனுப்பினார்கள் என்று தெரியாது என்று சொல்லி ஊர்ச்சபையில் கொடுத்துவிடு. ஈயத்தை வடிகட்டுகிற கருவி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். பார்சலில் வரும். உன் வீட்டுக்கு அது போதும்.

நான் நேரில் வந்து சொன்னால் இந்தக் கம்பெனி மட்டுமல்ல, இந்தத் தொழிலிலேயே எங்கும் என்னைச் சேர்க்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். தப்பாக நினைக்காதே.

தம்பி

~

ஏப்ரல் 20

தம்பிக்கு,

கருவி வந்தது. பிரிக்கவில்லை.

என் வீட்டுக்குப் போதும் என்று எழுதியிருக்கிறாய். என் வீட்டில் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது. பொடிசு பிழைத்துவிட்டாள், வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். கையில் கிலுகிலுப்பை வைத்தால் பிடிக்கமாட்டேன் என்கிறாள். உட்கார வைத்தால் சாய்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கை தட்டினால், எதற்கும் திரும்புவதில்லை. காது நன்றாகத்தான் இருக்கிறது, மூளையில்தான் அடி, எவ்வளவு திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். சொல்வதற்கில்லை. உன் வார்த்தையேதான்.

பெயர் போடாத காகிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நான் கொண்டுபோய்க் கொடுத்தால், மனசு கலங்கினவள் எங்கேயோ பொறுக்கிய காகிதம் என்பார்கள். இந்தத் தெரு உன்னை நம்பும். கீழே எந்த அறையில் என்ன மண் போனது என்று பார்த்து நின்றவன் நீ. அங்கே வேலை பார்த்த ஆண்களுக்கெல்லாம் உன்னைத் தெரியும்.

தையற்கடைக்காரிக்கு ஏழாம் மாதம் நெருங்குகிறது. தினமும் காலையில் அவள் வீட்டு ஜன்னலில் ஆவி வருவதை நான் பார்க்கிறேன். சுண்டச் சுண்டக் காய்ச்சுகிறாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு குறையும் இல்லாமல். போய் அடுப்பை அணைத்தேன். அவள் கணவர் என்னைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். மரியாதையாகத்தான் விட்டார்.

மே ஐந்தாம் தேதி பள்ளிக்கூடத்தில் கூட்டம். கம்பெனி ஆட்களும் வருகிறார்கள். உன் அத்தானுக்காக அன்றைக்கு நீ வாய் திறக்கவில்லை, அதை விட்டுவிட்டேன். எனக்கு அரை வார்த்தை எழுதினாய், அதை விட என்னால் முடியாது. ஆனாலும் இப்போது கேட்கிறேன். வா. கருவி, பார்சல் எதுவும் வேண்டாம். வாயைக் கொண்டு வா.

அக்கா

~

மே 1

அக்கா,

நாளை இரவு ரயில். அடையாள அட்டையையும் ஹெல்மெட்டையும் இன்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேலாளர், நன்றாக யோசித்தாயா என்று கேட்டார். யோசிக்காமல்தான் கொடுக்கிறேன், யோசித்தால் கொடுக்கமாட்டேன் என்றேன்.

ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். பொடிசை நான் தூக்கலாமா என்று அங்கே வந்து உன்னிடம் கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் தூக்கமாட்டேன்.

தம்பி

~

ஜூன் 17

தம்பிக்கு,

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டாயா? வேலை ஏதாவது கிடைத்ததா? கிடைக்காவிட்டால் இங்கே வந்துவிடு. உன் அத்தான் வண்டிக்கு இன்னொரு ஆள் வேண்டும். அவருக்குக் கீழே நீ வேலை பார்ப்பதைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். தெருவில் எல்லாரும் ரத்தம் கொடுத்தார்கள். ஈயம் இல்லாத ஆள் ஒருத்தர் இல்லை. கிணறுகளை எல்லாம் இரும்புத் தகடு போட்டு மூடிவிட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி வருகிறது. திரும்பவும் எல்லாரும் குடத்தோடு நிற்கிறோம். கம்பெனியிலிருந்து யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. மழைக்காலம் வந்தால் தண்ணீர் தகடு வரைக்கும் ஏறி வழியும் என்று உன் அத்தான் சொல்கிறார். அதற்கு யாரிடமும் வழி இல்லை.

தையற்கடைக்காரி என்னோடு பேசுவதில்லை. அவள் ரத்தத்தில் வந்த அளவு மற்றவர்களை விட அதிகம். அடுத்த மாதம் பிரசவம். என்னைக் கண்டால் வயிற்றைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

கூட்டத்தில் நீ பேசியதை இங்கே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "அந்த மண்ணை நிரப்பினது நாங்கதான். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். எங்க அக்கா சொல்றது நிஜம்" என்று நீ சொன்னபோது, முன் வரிசையில் இருந்த மடிப்புச் சட்டைகள் எழுந்து போனதை எல்லாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பின்னாலிருந்து ஒருத்தர், "அப்போ நாங்க எதைக் குடிக்கிறது?" என்று கேட்டார். நீ நின்றாய். பதில் வரவில்லை. உன் மௌனத்தை ஆயுள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் திட்டத் தோன்றவில்லை. உன்னிடம் இல்லாததை நீ எங்கிருந்து எடுத்துச் சொல்வாய்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று போகும்போது கேட்டாய். இல்லை. என்னையும் மன்னிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகத்தான் செய்ய வேண்டும் போல, இப்போதைக்கு முடியவில்லை.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கிணற்றை மூட வந்தவர்கள் கயிற்றை அறுத்துக் கப்பியைக் கழற்றினார்கள். கழற்றும்போது அது கிரீச்சிட்டது. உள்ளே தொட்டிலில் பொடிசு தலையைத் திருப்பி வாயைத் திறந்தாள். கை தட்டியும், பெயர் சொல்லியும், டாக்டர் மணி அடித்தும் திரும்பாத பிள்ளை. நான் சொன்னதை உன் அத்தான் முதலில் நம்பவில்லை. கப்பியைக் கையில் எடுத்து அவரே சுழற்றிப் பார்த்தார். திரும்பினாள், வாயைத் திறந்தாள்.

இப்போது அந்தக் கப்பியைத் தொட்டிலுக்கு மேலே உத்தரத்தில் கட்டியிருக்கிறார். கயிறு கிடையாது, வாளி கிடையாது. வண்டியிலிருந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு அதன் கீழே நின்று சுழற்றுகிறார். அவள் திரும்பிப் பார்க்கிறாள். லாரித் தண்ணீரில் கலந்த பாலை நான் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

அடுத்த முறை வரும்போது நீயும் சுழற்றலாம். எண்ணெய் மட்டும் போட்டுவிடாதே.

உன் அக்கா